ஆள் இருக்கிற வீடு

ஜெயமேரி டீச்சர் வீட்டு வாசலில் போடுவதற்கு ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு வேண்டியிருந்தது. பவுல்ராஜிடம் இருந்ததே ஒரு ஜோடிதான். அது அவர் காலில் இருந்தது.

"பழசு ஒண்ணு கெடந்துச்சே, எங்க?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

"வார் அந்து போச்சுன்னு நீங்கதான் வெளிய வீசுனீங்க. நாய் தூக்கிட்டுப் போயிருச்சு," என்றாள் அவர் மனைவி வியாகுலம்மாள். "இருக்குறதையும் கொண்டுபோய் அங்க வைக்கப் போறீங்களாக்கும்?"

"விதின்னா விதிதான்."

"நல்லாருக்கு உங்க விதி."

பவுல்ராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதித்தது. நுனிக்காலில் தத்தித் தத்திப் போனார். நலச்சங்கச் செயலாளர் நடக்கிற நடையா இது என்று கேட்க அந்த மத்தியான நேரத்தில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

ரெட்டியார்சத்திரம் போகிற வழியில், கடலைக்காடாகக் கிடந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றதில் முளைத்ததுதான் ஆரோக்கிய நகர். வீடுகள் கொஞ்சம், காலி மனைகள் நிறைய, இரண்டுக்கும் நடுவில் கருவேலம்புதர். போன மாசம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நகரில் ஒரு வீட்டில் திருடு போய்விட்டது. வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கேட்டில் பால் பாக்கெட் எடுக்க ஆளில்லாமல் தொங்கியதைப் பார்த்துத்தான் திருடன் உள்ளே போனானாம். சேதி கேட்ட அன்று சாயங்காலமே பவுல்ராஜ் சங்கக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

அவர் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்து மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: டிக்கெட் எடுத்தவர், எடுக்காதவர். அப்பேர்ப்பட்டவர் கையில் பேனாவைக் கொடுத்து விதி எழுதச் சொன்னால் கேட்க வேண்டுமா? நகரின் நுழைவாயிலில் பெரிய போர்டு ஏறிவிட்டது. அந்நியர் யார் வந்தாலும் விசாரிக்க வேண்டும். வெளியாளிடம் எந்த வீட்டைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. ஊருக்குப் போகிறவர் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இவை போக, போர்டில் எழுதாத விதி ஒன்றும் உண்டு. எழுதினால் திருடனும் படித்துவிடுவானே! ஆள் இல்லாத வீட்டை, ஆள் இருக்கிற வீடாகக் காட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு.

டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பவுல்ராஜேதான். டீச்சரும் மகள் ரீனாவும் காலை பஸ்ஸில் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். ரீனாவுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று வேண்டுதல். திரும்பி வர மூன்று நாள் ஆகும்.

செருப்பை வாசலில் போட்டார். ரொம்ப நேராக இருந்தது, கடையில் வைத்த மாதிரி. ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு தன்னுடைய நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கொண்டுவந்து கொடியில் காயப்போட்டார். காய்ந்த லுங்கியைக் காயப்போட்டால் எந்தத் திருடன் நம்புவான்? அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி போட்டார். அப்புறம் வீட்டைத் திறந்து உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்தார். ஏதோ ஒரு சீரியலில் ஒரு பெண் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். இருக்கட்டும், அழுகைச் சத்தம் கேட்டால் ஆள் இருக்கிற வீடுதானே என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்த இரண்டு பேரைப் பார்த்தார்.

பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வேட்டி கட்டிய ஆள் ஒருவர், நரைத்த மீசை. கூட ஒரு அம்மாள், தோளில் ஒரு கட்டைப்பை. காலிங் பெல்லை அழுத்தவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள்.

டிக்கெட் எடுக்காத மூஞ்சி என்று பவுல்ராஜின் மனசு சொன்னது. உடம்பு சிலிர்த்துவிட்டது. விதி எழுதிய கையோடு அதற்கு வேலையும் வந்துவிட்டதே! தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு காலத்தில் பஸ்ஸின் முன்படியில் நின்றால் கடைசி சீட்டுவரை கேட்ட அந்தக் குரலை எடுத்தார்.

"ஏலே, யார்ரா அது வாசல்ல? ஜெயமேரி! காபி கேட்டு எம்புட்டு நேரமாச்சு? ரீனா, அந்த அரிவாளை எடுத்தா, தேங்கா வெட்டணும்!"

வெளியே இரண்டு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"ஏனுங்க, ஆம்பளை இல்லாத வீடுன்னுதானுங்களே சொன்னாங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"அதான் பாரு. செருப்பு கெடக்குது, லுங்கி காயுது, உள்ள ஒருத்தன் அதட்டறான். வா போலாம், இது நமக்குச் சரிப்படாது."

பைக் கிளம்பிப் போன சத்தம் அடங்கும்வரை பவுல்ராஜ் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் தார் ரோட்டின் சூடுகூட உறைக்கவில்லை.

"வியாகுலம்! எப்புடி வெரட்டுனேன் தெரியுமா? ஒரு அதட்டல்தான். ஆம்பளை இல்லாத வீடுன்னு சொன்னாங்களேன்னு பொம்பளை கேக்குறா, சரிப்படாதுன்னு அவன் கூட்டிக்கிட்டு ஓடுறான்!"

வியாகுலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பேச்சு எப்படி இருந்துச்சு? நம்ம பக்கத்துப் பேச்சா?"

"இல்ல, கொங்குப் பேச்சு. ஏனுங்க, தானுங்கன்னு இழுத்து இழுத்து."

"அய்யோ மாதாவே!" என்று தலையில் கைவைத்தாள். "ஒட்டன்சத்திரத்துல ஒரு எடம் தோதா வந்திருக்கு, எப்ப வேணாலும் வந்து விசாரிப்பாங்க, யாராச்சும் கேட்டா நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கக்கான்னு டீச்சர் காலையில எங்கிட்டச் சொல்லிட்டுப் போச்சு. வந்தவங்க மாப்ள வீட்டுக்காரங்கய்யா!"

பவுல்ராஜ் டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லி அதட்டுனீங்க?"

"காபி கேட்டேன்."

"யாருகிட்ட?"

"ஜெயமேரிகிட்ட."

"பேரைச் சொல்லியா கூப்பிட்டீங்க?"

அவர் தலையாட்டினார்.

"தாலி அறுத்த பொம்பளை வீட்டுல ஒரு ஆம்பளை உக்காந்து பேரைச் சொல்லிக் காபி கேட்டா, எந்த மடையன் அங்க பொண்ணு எடுப்பான்? அந்தப் புள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

பவுல்ராஜ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரீனா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தகப்பனை இழந்தவள். வருகிற வரன் எல்லாம், முன்னே நின்று செய்ய ஆம்பளை இல்லாத வீடு என்று சொல்லித் தட்டிப்போனது. பவுல்ராஜுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவள் கல்யாணத்தில் பந்தி விசாரிப்பது தன் பொறுப்பு என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஆம்பளை இல்லை என்பதற்காகத் தட்டிப்போன காலம் போய், ஆம்பளை இருக்கிறான் என்று தட்டிப்போகிறது. அதற்கும் அவரே காரணம்.

"உக்காந்துக்கிட்டு இருந்தா? போங்கய்யா! பைக்குல எம்புட்டுத் தூரம் போயிருப்பாங்க?"

செருப்பு இல்லாத காலோடு ஸ்கூட்டரை உதைத்தார்.

மெயின் ரோட்டு டீக்கடையில் அவர்கள் நின்றிருந்தார்கள். பவுல்ராஜ் நேராகப் போய் அவர்களுடைய பைக்குக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தினார். மீசைக்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு விறைப்பாக நிமிர்ந்தார்.

"போயிராதீங்க! நீங்க எதுக்கு எங்க நகருக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் பவுல்ராஜ் மூச்சு வாங்க.

"என்னங்க தெரிஞ்சுபோச்சு?"

"ரீனாவைப் பத்தி விசாரிக்கத்தானே? மறைக்காதீங்க. டீச்சர் சொல்லிட்டுத்தான் போனாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாடைமாடையாக விசாரிக்க வந்த இடத்தில் இப்படிப் போட்டு உடைத்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த அம்மாள்தான் முதலில் முகத்தைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

"விசாரிக்கத்தான் வந்தோமுங்க. ஆனா கண்ணால பாத்தாச்சு, காதால கேட்டாச்சு. எங்களுக்கு வேண்டாமுங்க, விட்டுருங்க."

"அந்தக் குரல் என் குரலும்மா!"

சொன்ன பிறகுதான் பவுல்ராஜுக்கு அதன் லட்சணம் புரிந்தது. அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தினாள்.

"உங்க குரலுங்களா? அந்த வீட்டுல உங்களுக்கு என்னங்க வேலை?"

"நான் பக்கத்து வீடு."

"செருப்பு?"

"என்னோடதுதான்."

"லுங்கிங்க?"

"அதுவும் என்னோடதுதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல!"

"பக்கத்து வீட்டுக்காரர் லுங்கி எதுக்குங்க டீச்சர் கொடியில காயுது?" என்றாள் அவள். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தார்.

வேறு வழியில்லை. பவுல்ராஜ் அவர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது என்று விதி எழுதியவர் அவர்தான். ஆனால் கல்யாண விசாரணைக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? பெண்ணைப் பற்றிக் கேட்டால் பக்கத்து வீட்டார் நாலு வார்த்தை சொல்வது உலக வழக்கம். மனசுக்குள்ளேயே விதிவிலக்கு ஒன்று எழுதிக்கொண்டு, டீச்சர் ஊரில் இல்லாததையும், திருடனுக்குப் பயந்து தான் செய்த வேலையையும் சொல்லி முடித்தார்.

"நீங்க சொல்றதை நாங்க எப்படீங்க நம்பறது?" என்றார் மீசைக்காரர்.

"வாங்க. வீட்டைத் தொறந்து காட்டுறேன். உள்ள ஆம்பளை வாசனையாச்சும் இருக்கான்னு பாத்துக்கங்க."

"வேண்டாமுங்க. அவங்க இல்லாதப்ப உள்ள நுழையறது முறையில்ல."

அந்த ஒரு வார்த்தையில் பவுல்ராஜ் உருகிப்போனார். என்ன குடும்பம்! இந்த மரியாதையான மனிதர்களையா அதட்டினோம்? கையைப் பிடித்துக் கெஞ்சி, முன்னால் தன் ஸ்கூட்டரும் பின்னால் அவர்கள் பைக்குமாகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

வியாகுலம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். காபியும் பணியாரமும் தயார். கூடத்தில் உட்காரவைத்து, ரீனாவின் குணத்தைச் சொன்னாள், சமையலைச் சொன்னாள், கோயில் பாட்டுக் குழுவில் பாடுவதைச் சொன்னாள். வந்த அம்மாள் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். காரியம் கைகூடும் போலத் தெரிந்தது. பவுல்ராஜுக்கு உயிர் வந்தது.

"ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நினைக்காதீங்க," என்றார் மீசைக்காரர். "எங்களைப் பாத்ததும் எதுக்குங்க அப்படி அதட்டுனீங்க?"

சந்தோஷத்தில் இருந்த பவுல்ராஜ் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். "உங்களைத் திருடங்கன்னு நெனச்சுட்டேங்க!"

மீசைக்காரர் பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"திருடனுங்களா? நானுங்களா?"

"ஏனுங்க, வாங்க போலாம்," என்று அந்த அம்மாளும் பையைத் தூக்கிவிட்டாள். "சம்பந்தம் பேசறதுக்கு முன்னாலயே திருடன்னு பேரு வாங்கியாச்சு. இனி பேசி வேற என்ன பேரு வாங்கறது?"

"அவரு வாயில வசம்பை வச்சுத் தேய்க்கணும்," என்று வியாகுலம்மாள் பதறி வழியை மறித்தாள். "அவரு அப்படித்தாம்மா. எங்க கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பாவையே சந்தேகமாப் பாத்தாரு. மனசுல ஒண்ணும் இல்ல."

"மனசுல நம்பிக்கை இல்லாத எடத்துல எப்படீங்க பொண்ணு எடுக்கறது?" என்றார் மீசைக்காரர்.

பவுல்ராஜுக்கு ரீனாவின் முகம் நினைவுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து டீச்சர் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அந்த அம்மாளின் கையில் வைத்தார்.

"இந்தாம்மா. நான்கூட வரல. நீங்களே போயி உங்க வீடு மாதிரி நெனச்சு எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. இதுக்கு மேல நம்பிக்கையை எப்படிக் காட்டுறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் தயங்கிக் கணவனைப் பார்த்தாள். "சமையல்கட்டு சுத்தம் மட்டும் பாத்துட்டு வந்தர்றனுங்க. அதைப் பாத்தாலே பொண்ணு வளர்ப்புத் தெரிஞ்சுரும்."

"செத்த நேரம் ஆனாலும் பரவால்ல, நல்லாப் பாத்துட்டு வாங்க," என்றாள் வியாகுலம்மாள். கூடப் போகக் கிளம்பியவளைப் பவுல்ராஜ் கண்ணாலேயே அடக்கினார். நம்பிக்கை என்றால் முழு நம்பிக்கை.

அந்த அம்மாள் போன பிறகு மீசைக்காரர் கொஞ்சம் தணிந்தார். இன்னொரு பணியாரம் எடுத்துக்கொண்டார்.

"பையன் கல்யாணத்துக்கப்புறம் இங்க அடிக்கடி வந்து போவானுங்க. பாதுகாப்பான எடம்தானுங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே பவுல்ராஜ் பிறவி எடுத்திருந்தார்! போர்டில் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். விதிவிலக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால், போர்டில் இல்லாததையும் சொன்னார். எந்த வீட்டுக்காரர் எந்த நேரத்தில் ரோந்து வருவார் என்பதைச் சொன்னார்.

"நுழைவாயில்ல கேமரா பாத்தனுங்களே?"

"அது வெறும் டப்பா," என்று பவுல்ராஜ் கண்ணைச் சிமிட்டினார். "ஒயரே கெடையாது. ஆனா பாத்தா பயம் வருதுல்ல?"

"வருதுங்க," என்று ஒத்துக்கொண்டார் மீசைக்காரர்.

அந்த அம்மாள் திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கண்ணில்கூட லேசாக ஈரம் தெரிந்தது.

"சமையல்கட்டைக் கண்ணுல ஒத்திக்கலாமுங்க. டப்பாவெல்லாம் வரிசையா இருக்குது. எதை எங்க வெச்சிருக்காங்கன்னு தேடவே வேண்டாம். பொறுப்பான குடும்பமுங்க." சாவியைப் பவுல்ராஜிடம் கொடுத்தாள். "பூட்டிட்டேனுங்க. நல்லா இழுத்தும் பாத்துட்டேன்."

"அப்ப உங்களுக்குச் சம்மதமா?" என்றாள் வியாகுலம்மாள்.

"எங்களுக்கு மனசு நெறஞ்சுருச்சுங்க. ஆனா நாங்க வந்துட்டுப் போனது டீச்சருக்கு இப்பத் தெரிய வேண்டாம். முறையா தட்டோட வரணும் பாருங்க."

"மூச்சு விடமாட்டோம்," என்றார் பவுல்ராஜ்.

வெறுங்கையோடு அனுப்பலாமா? சிறுமலையிலிருந்து வந்த வாழைப்பழச் சீப்பையும், மிச்சப் பணியாரத்தையும் வியாகுலம்மாள் கட்டைப்பையின் மேலாக வைத்து அமுக்கினாள். பை இப்போது நல்ல கனம். அந்த அம்மாள் தூக்கச் சிரமப்பட்டாள். "நீங்க விடுங்கம்மா," என்று பவுல்ராஜே அதை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் பைக்கின் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். அவிழ்ந்துவிடாமல் இருக்க இரண்டாவது முடிச்சும் போட்டார்.

பைக் கண்ணுக்கு மறையும்வரை கணவனும் மனைவியும் கையசைத்தார்கள்.

"நல்ல மனுசங்க," என்றாள் வியாகுலம்மாள்.

"நாம பண்ணதுக்கு வேற எவனா இருந்தாலும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான். நல்லவேளை, வெரட்டிப் போயிப் புடிச்சேன்," என்றார் பவுல்ராஜ். அந்தப் பெண் கரையேறிவிட்டாள். தகப்பன் ஸ்தானத்தில் நின்று முடித்துக்கொடுத்தாகிவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லுங்கியையும் செருப்பையும் எடுத்துவர டீச்சர் வீட்டுப் பக்கம் நடந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. ரீனா.

சொல்லிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தார். "சொல்லும்மா. கோயிலுக்குப் போயிட்டீங்களா?"

"அங்கிள், உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன், எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு! அந்த ஒட்டன்சத்திரத்துக்காரங்க நாங்க வர்றது தெரிஞ்சு நேத்து ராத்திரியே கெளம்பி இங்க வந்து எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்களாம். இப்ப அம்புட்டுப் பேரும் எங்க பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க!"